அவளுக்குப் பதில் கிழிந்த நோட்டுகள்

எங்கள் கறித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் நோட்டக்கா. பதினெட்டு வருடம் எலும்பு பிரிக்கும் மேசையில் எனக்கு எதிரே நின்றவள். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் ஒல்லிக் கத்தி. மேசையில் ஒரு தொடை வந்து விழுந்தால் நான் வெட்டுவேன், அவள் வெட்டமாட்டாள். மூட்டு எந்தப் பக்கம் வளையும், எந்தப் பக்கம் வளையாது என்று விரலால் தடவிப் பார்த்து, கத்தி நுனியை உள்ளே விட்டு ஒரு திருப்பு. எலும்பு கழன்று வந்துவிடும். நான் ஒன்றை முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த எரிச்சல் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

நோட்டு என்றால் எந்தக் கடையிலும் செல்லாத நோட்டு. எங்கேயோ ஒரு நாடு புதிதாகப் பிறந்தபோது, உலகமெல்லாம் பேர் வாங்கிய அலங்கார ஓவியர் ஒருவர் அதற்குப் பணம் வரைந்து கொடுத்தாராம். அதற்கு முன்னால் நாடக போஸ்டர், காலண்டர், பிஸ்கட் டப்பா என்று அவர் கை வைக்காத இடமே இல்லையாம். எல்லாவற்றிலும் பெண்கள்தான். கூந்தல் கொடி மாதிரி சுருண்டு ஓடும், காதோரம் பூ இருக்கும், கண் எங்கேயோ பார்க்கும். அதே பெண்கள்தான் நோட்டிலும். மழைக்கு ஒதுங்கிய ஒரு பழைய நாணயக் கடையில் அதில் ஒன்றைப் பார்த்ததுதான் தாமதம், அக்கா சொக்கி விழுந்துவிட்டாள். ஏழு நோட்டு சேர்ந்தால் ஒரு செட். வருடத்துக்கு ஒன்று வாங்கினால் பெரிய காரியம்.

"கறி வெட்டுற நமக்கு இது எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"நாள் பூரா ரத்தத்தையே பாக்குற கண்ணுடி. அதுக்கும் ஏதாவது வேணும்ல."

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். தெருவில் அவனைக் கேட்டால் தங்கம் என்பார்கள். கிழவிகளுக்குப் பை தூக்கிக் கொடுப்பான், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவன் யார் என்று தெரியும். சட்டையில் பொத்தான் இல்லை என்று அவளுடைய கடைவாய்ப் பல்லை உடைத்தான். சோறு குழைந்ததற்கு இஸ்திரிப் பெட்டியை முதுகில் வைத்தான். நான் உடை மாற்றும் அறையில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். பெட்டியின் மூக்கு வரை அச்சு அசலாக விழுந்திருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய், கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவன் பச்சைப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே நின்றான். சாயங்காலம் என் கேள்விகளுக்கான பதிலை அக்காவின் தோள்பட்டை எலும்பில் சொன்னான். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். போலீசுக்குப் போனாள், அவன் பின்னாலேயே வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அதன் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை. நானும் என் வாயை மேசையோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் ஆத்திரத்தில் அவன் கையில் நோட்டு ஆல்பம் சிக்கியது. ஒன்றை உருவி அவள் கண் முன்னால் இரண்டாகக் கிழித்தான். அவள் அலறிய அலறலில் அவனே ஒரு நொடி நின்றுவிட்டானாம். அன்றைக்கு அடிக்கவில்லை. அடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவள், ஒரு காகிதத்துக்கு இப்படித் துடிக்கிறாளே என்று அவனுக்கு அதில் ருசி பிடித்துவிட்டது. அதற்கப்புறம் கோபம் வந்தால் நேராக ஆல்பத்துக்குத்தான் போனான்.

அடுத்த வாரம் மேசையில் ஒரு தொடையைத் திருப்பிக்கொண்டே அக்கா சொன்னாள்: "நாணயக் கடைல இதோட நகல் விக்கிறாங்கடி. சின்னப் பிள்ளைங்க விளையாட. அச்சு அதே மாதிரி இருக்கும். தாள்தான் வழவழன்னு இருக்கும்."

"கண்டுபிடிச்சிட்டான்னா?"

"அவன் நோட்டைப் பாத்துக் கிழிக்கிறதில்ல. என் மூஞ்சியப் பாத்துக் கிழிக்கிறான்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மிச்சமிருந்த அசல்கள் என் வீட்டு அலமாரிக்கு வந்தன. என் வீட்டில் நானும் என் இரண்டு பிள்ளைகளும்தான், வம்பு தும்பு இல்லாத வீடு. ஆல்பத்தில் நகல்கள் உட்கார்ந்தன, ஒன்று கிழிந்தால் அந்த இடத்தில் இன்னொன்று. அவற்றுக்கு அழுவதற்கு உடை மாற்றும் அறையில் ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை அவள் அழுதது தும்மல் வருகிற மாதிரி இருந்தது. "இப்படி அழுதா நீ ஏதோ மிளகாய் அரைக்கிறேன்னு நெனைப்பான். நெஞ்சுல அடிச்சுக்கோ, எழவு வீட்டுல மாதிரி ஒப்பாரி வச்சு அழு" என்று நான் செய்து காட்டினேன். வாசலில் நின்ற சூப்பர்வைசர் யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது.

ஒன்றரை வருடத்தில் இருபதுக்கு மேல் நகல்களைக் கிழித்திருப்பான். ஒவ்வொன்றுக்கும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். உடம்பில் ஒரு காயம் இல்லை. முகத்தில் சதை வைத்தது. அந்த நோட்டுகள் அவளுக்குப் பதிலாக அடி வாங்கிக்கொண்டிருந்தன. இது பிடிபட்டால் அவளைக் கொன்றே போடுவான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அதைப் பேசமாட்டோம்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவளிடம் அதுவரை இல்லாத அந்த ஏழாவது நோட்டின் அசல் கிடைத்தது. ஓவியர் தன் மகளையே வரைந்த நோட்டு என்று எப்போதும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பாள், அது. கடையிலிருந்து நேராக என்னிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழு கட்டமுள்ள ஆல்பப் பக்கம். ஆறில் நகல் இருக்கிறது, ஏழாவது எப்போதும் காலி. அந்தப் பக்கம் நிறைந்து எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். சேர்க்கிறவர்களுக்கு மட்டும் வருகிற பைத்தியம் இது. திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் அவனுக்கு ஏதோ ஸ்பேனர் கிடைக்கவில்லை. ஆல்பத்தை எடுத்தான். கடைசிக் கட்டத்தில் கை போனது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிழித்தான்.

அவள் அழவில்லை. சத்தமே வரவில்லை என்றாள். கையை நீட்டினாளாம், அப்படியே நின்றுவிட்டாளாம்.

அவனுக்கு அது புரியவில்லை. அடுத்த நோட்டை உருவிக் கிழித்தான். அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாவதைக் கிழித்தான், அதே அழுகை, அதே அடி. அவன் நிறுத்தினான். இந்தக் கையில் ஒரு துண்டு, அந்தக் கையில் ஒரு துண்டு. முதல் தடவையாக நோட்டைப் பார்த்தான். விரலால் தேய்த்தான். ஒன்று சொரசொரவென்று மெலிசு, இன்னொன்று வழவழவென்று கனம்.

போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தான். அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் இரண்டு தடவை மோதினான். சமையல் மேடையில் அவள் வலது கையை விரித்து வைத்து அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பின்னால் வளைத்தான். ஒரு கேள்வி, ஒரு விரல். அவள் வாயைத் திறக்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மூன்று சத்தத்தையும் கேட்டேன் என்றாள். அந்தச் சத்தத்தை நாங்கள் நாள் முழுக்கக் கேட்கிறோம், அதைப் போய் அவள் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

சுண்டு விரலை நன்றாகப் பிடிக்க அவன் ஒரு காலைத் தள்ளி வைத்தான். முட்டி நேராக நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் வளையாத மூட்டு அது. குதிகாலை ஓங்கிப் பக்கவாட்டிலேயே இறக்கினாள். அவன் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுந்து, தரையில் கிடந்து கத்தினான். அவள் இன்னொரு தடவை அதே இடத்தில் மிதித்துவிட்டு, தாழ்ப்பாளை இடது கையால் நீக்கி வெளியே வந்தாள்.

எனக்கு அன்று டூட்டி. காவலாளி ஓடிவந்து கூப்பிட்டான். வாசலில் அவள் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றாள். நெற்றியிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. நான் கத்தியோடேயே அவன் வீட்டுப் பக்கம் ஓடினேன். நாலு பேர் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அவனைப் போலீஸ் ஸ்ட்ரெச்சரில்தான் எடுத்துப் போனது. முட்டியில் கம்பி வைத்திருக்கிறார்கள், இந்தத் தடவை யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்க நடக்கமுடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், இரண்டு விரல் இனிமேல் மடங்காது என்று. அப்படியென்றால் கத்தி பிடிக்க முடியாது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அடிபட்டுக் கிடக்கிறவள் என்றும் பார்க்கவில்லை.

"உனக்கு மூளை இருக்காக்கா? மூணு விரலா? பழைய பேப்பருக்கா? 'அவகிட்ட இருக்கு, போய் வாங்கிக்கோ'ன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நானே தூக்கி அவன் மூஞ்சில எறிஞ்சிருப்பேனே!"

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் நிறுத்தவில்லை. செல்லாத நோட்டைக் கட்டிக்கொண்டு அழு என்றேன், அந்தப் பூ வைத்த பொம்பளைகள் வந்து உனக்குச் சோறு ஊட்டுவார்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், சொல்ல வாய் கூசுகிறது.

அக்காவுக்கு உதடு வீங்கியிருந்தது, மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"நோட்டு உன்கிட்டதான் இருக்கும்னு அவனே சொல்லிட்டான்டி. அத அவன் கேக்கல."

"அப்புறம் என்ன கேட்டான்?"

"உன் வீடு எங்கன்னு கேட்டான்."

சனிக்கிழமை எனக்கு டூட்டி என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் வீட்டில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் தெரியும்.