எட்டாம் மாசக் காய்ச்சல்

போன வாரப் புதன்கிழமை மாலை, என் கிளினிக்கில் நான் ஒரு பெரிய பிழை விடப் பார்த்தேன். நல்லவேளை, பக்கத்துக் கதிரையில் டொக்டர் தர்ஷினி இருந்தார்.

தர்ஷினியை உங்களுக்குத் தெரியாது. காரைதீவுப் பிள்ளை. உள்ளகப் பயிற்சி முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருக்கிறார். 'சும்மா வீட்டில் இருக்க ஏலாது சேர், உங்களோட இருந்து பார்க்கிறன்' என்று ஒரு மாதத்துக்கு முன் வந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம். பருவகால இன்புளுவென்சாவை எப்படிக் கையாள வேண்டும் என்று டொக்டர்மாருக்கு எழுதிய வழிகாட்டி. அச்சடித்து, மஞ்சள் பேனையால் கோடு கீறி வைத்திருந்தார்.

நானும் அதை வாசித்திருந்தேன். வாசித்தேன் என்றால்... பக்கங்களைப் புரட்டினேன். இருபத்தாறு வருசமாகக் காய்ச்சல் பார்க்கிறவனுக்குக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லித் தர என்ன இருக்கிறது?

மாரி தொடங்கிவிட்டால் நம் கரையில் இருமல் இல்லாத வீடு இல்லை. அன்றும் வாசல் வரை ஆட்கள். வருகிற எல்லோருக்கும் ஊசி வேண்டும். ஊசி இல்லாவிட்டால் அன்டிபயோட்டிக்காவது வேண்டும். 'இது வைரஸ், அதுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது' என்று நான் சொன்னால், 'ஓம் டொக்டர், விளங்குது... ஒரு நாலு குளிசை மட்டும் எழுதுங்களன்' என்பார்கள். இப்படிப் பேரம் பேசிப் பேசியே என் தொண்டை கட்டிவிட்டிருந்தது.

அந்த நெரிசலில்தான் ஹில்மியும் அவன் மனைவி சியானாவும் உள்ளே வந்தார்கள். ஹில்மி மருதமுனையில் ஓட்டோ ஓடுகிறவன். சியானா கைத்தறி நெய்கிறவள். தொளதொளத்த அபாயா, அதன் மேல் பெரிய சால்வை. கதிரையில் ஒடுங்கி உட்கார்ந்து இருமினாள். கதைத்தது முழுக்க ஹில்மிதான்.

"நேத்துப் பின்னேரத்திலிருந்து காய்ச்சல் டொக்டர். உடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி இரிக்கிதாம். ஞாயிற்றுக்கிழமை இவட தங்கச்சிக்குக் கலியாணம். அதுக்குள்ள எழும்பணும். நல்ல ஊசி ஒண்டு போடுங்க."

தெர்மோமீட்டர் பார்த்தேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தேன். வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி, பரசிற்றமோல், ஓய்வு, நிறைய நீராகாரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

தர்ஷினி கதிரையை முன்னால் இழுத்தார்.

"அக்கா, எத்தினை மாசம்?"

நான் பேனையை நிறுத்தினேன்.

"ஏழு முடிஞ்சி எட்டு நடக்கு மிஸ்" என்றாள் சியானா.

எனக்கு முகம் சுட்டது. "ஏன் மகள் அத முதல்ல சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே டொக்டர்."

அவள் குறை சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான். நோயாளி நாங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். கேட்காததற்கு யார் பொறுப்பு?

மற்றவர்களுக்கு ஐந்து நாளில் போய்விடும் இந்தக் காய்ச்சல், கர்ப்பிணிக்கு அப்படியல்ல. வயிற்றில் பிள்ளை வளர வளர, நுரையீரலுக்கு இடம் குறையும். சளி நெஞ்சில் இறங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வழிகாட்டியில் தர்ஷினி மஞ்சள் கோடு போட்ட இடமும் அதுதான்: கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னப் பிள்ளைகள், ஆஸ்துமாவும் சீனி வருத்தமும் உள்ளவர்கள்... இவர்களுக்கு இன்புளுவென்சா என்று சந்தேகம் வந்தாலே வைரசுக்கு எதிரான குளிசையைத் தொடங்கிவிட வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். சியானாவுக்கு ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

எழுதிய மருந்துத் துண்டைக் கிழித்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அங்கே குளிசையும் தொடங்கலாம், டெங்குவா என்றும் பார்க்கலாம், பிள்ளையின் துடிப்பையும் கவனிக்கலாம்.

ஹில்மிக்கு அது பிடிக்கவில்லை.

"வார்ட்டில படுக்கணுமா? தடிமல் காய்ச்சல்தானே டொக்டர். அந்தக் குளிசை வகுத்துப் புள்ளைக்கி ஒண்டும் செய்யாதா?"

"குளிசையால வாற பயத்த விட, காய்ச்சல முத்த விட்டா வாற பயம்தான் பெரிசு, தம்பி" என்றேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். சியானாவின் கண் நிறைந்துவிட்டது. "தங்கச்சிக்கு உம்மா இல்ல டொக்டர். நான்தான் எல்லாம். நான் நிக்காம எப்பிடி?"

இதற்கு வழிகாட்டியில் பதில் இல்லை. தர்ஷினிதான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"கலியாண வீட்டில எத்தினை பேர் வருவினம் அக்கா? கைப்பிள்ளையள், வயசான ஆக்கள் எல்லாம் வருவினம்தானே? நீங்க இருமிக்கொண்டு அங்க நிண்டா தங்கச்சிக்குச் சந்தோசமா இருக்குமா?"

சியானா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹில்மியிடம் சொன்னாள். "ஓட்டோவ எடுங்க."

மறுநாள் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். மதியத்திலிருந்து மூச்சு வாங்குகிறதாம். ஒக்சிஜன் வைத்திருந்தார்கள். முதல் நாள் மாலையே குளிசை தொடங்கியிருந்தது. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். போனை வைத்தேன். மூன்று நிமிடத்தில் நான் எழுதிய அந்தத் துண்டோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தால்? இந்நேரம் கலியாண வீட்டில் ஏதாவது வேலையாக ஓடித் திரிந்திருப்பாள். மூச்சு வாங்குவதைக் களைப்பு என்று நினைத்திருப்பாள்.

வெள்ளியும் அப்படியே போனது. சனிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. ஞாயிறு காலை ஹில்மி போன் எடுத்தான்.

"ஒக்சிஜனைக் கழட்டிட்டாங்க டொக்டர். அல்ஹம்துலில்லாஹ். இப்ப கஞ்சி வேணாம், சோறு வேணும் எண்டு சண்ட புடிக்கா."

நோயாளி சாப்பாட்டுக்குச் சண்டை பிடிக்கிறார் என்பதைப் போல நல்ல ரிப்போர்ட் எந்த லெப்பிலும் கிடைக்காது.

அன்று பின்னேரம் அவளைப் பார்க்க நானும் தர்ஷினியும் போனோம். வார்ட் மேல்மாடியில். சியானா முகக்கவசத்தோடு யன்னலோரத்தில் நின்றாள். பக்கத்துக் கட்டில்காரிகள் இரண்டு பேரும், ஒரு தாதியும் கூட நின்றார்கள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். கீழே முற்றத்தில் ஹில்மியின் ஓட்டோ. அதன் பின்னால் பூ ஒட்டிய ஒரு கார். காரிலிருந்து கலியாணப் பொண்ணு இறங்கினாள்... மஞ்சளும் தங்கமும் கலந்த சாரி, தலையில் முக்காடு, இரண்டு கையிலும் மருதாணி. மாப்பிள்ளை பின்னால் கூச்சத்தோடு நின்றார்.

"ராத்தா" என்று அக்காவைக் கூப்பிட்டாள் கீழே இருந்து. "நல்லா இரிக்கா?"

சாரியைக் கேட்கிறாளா, உடம்பைக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சியானா இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினாள். பிறகு கையால் சைகை காட்டினாள்: முக்காட்டை இழுத்து விடு, இடப்பக்கம் சரிந்திருக்கு. பொண்ணு சரி செய்தாள். இன்னும் கொஞ்சம் என்று சைகை. மறுபடியும் சரி செய்தாள். வார்ட் முழுக்கச் சிரித்தது.

"புள்ள உதைக்கிது மிஸ்" என்றாள் சியானா, வயிற்றில் கை வைத்துக்கொண்டு. "அவருக்கும் பாக்கணுமாம்."

தர்ஷினி சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இப்போது பெண்கள் யார் காய்ச்சலோடு வந்தாலும் முதலில் கர்ப்பமா என்றுதான் கேட்கிறேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், "இந்த வயசில என்ன கேள்வி டொக்டர் இது" என்று எழும்பிப் போகப் பார்த்தார். சமாளித்து உட்கார வைத்தேன்.

புதன்கிழமை காலை எனக்கு உடம்பு சுட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வெளிக்கிட்டேன். உடம்புக்கு வருத்தம் என்று எந்த டொக்டர் வீட்டில் இருந்திருக்கிறார்? வாசலில் என் இருமலைக் கேட்டதும் தர்ஷினி அந்தக் காகிதக் கட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினார். அங்கேயும் மஞ்சள் கோடு: காய்ச்சல் உள்ள வைத்தியர் வேலைக்கு வரக் கூடாது.

"வீட்ட போங்க சேர். நோயாளியளுக்கு நான் சொல்லுறன்."

இதை அறைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மனைவி கஞ்சியைக் கதவடியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று, "குளிசை குடிச்சீங்களா?" என்று கேட்கிறாள். "ஓம், அப்பவே குடிச்சிட்டன்" என்கிறேன், கையில் குளிசையை வைத்துக்கொண்டு.

நோயாளிகள் டொக்டரிடம் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு விளங்கிவிட்டது.