சாங்கியில் நான் அளந்த மீன்கள்

மீன் அளக்கிற கிராணிக்கு, அதாவது அரசாங்கக் குமாஸ்தாவுக்கு, பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே கிடைக்கும். அரசாங்கத்துக்காக எதையாவது எண்ணியோ அளந்தோ பிழைத்தவர்கள் இதைப் படித்தால் என் சங்கடம் உடனே புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் மீன்துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தின. கடலடியை வாரி இழுக்கும் பெரிய படகுகளால் கரையோர மீன்வளம் கெடுகிறதா, அவற்றைத் தள்ளி நிறுத்த வேண்டுமா என்பதுதான் கேள்வி. மீன்துறை சார்பில் அளவுகோலோடு போனவன் நான்.

சாக்கு விரித்த மரியாதை

சாங்கிக் கடற்கரையில் சின்னப் படகு வைத்திருந்தவர் சூசையண்ணன். பெரிய படகுகள் இரண்டு தடவை அவர் வலையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தன. எங்கள் கணக்கெடுப்பைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். நான் போவதற்குள் மணலில் சாக்கு விரித்து, முழங்கை நீளக் கொடுவா மீன்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். கூடவே எனக்கு ஒரு கிளாஸ் கோப்பி. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

"உக்காந்து அளங்க ஐயா. கவர்மெண்டு ஆளு முன்னால கண்டதையும் கொட்ட முடியுமா?"

ரெபெக்காவின் சந்தேகம்

என் அட்டவணைகள் பல்கலைக்கழகத்தில் மிஸ் ரெபெக்காவிடம் போகும். விலங்கியல் படித்த பெண். மூன்று மாதமாக ஒரு குட்டி மீன்கூட உங்கள் கண்ணில் படவில்லையா என்று ஒருநாள் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கடல்பக்கமே வராதவர் என்னைக் கேட்பதா என்று நினைத்து, பார்த்ததைத்தான் எழுதுகிறேன் என வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்டர் ராஜு. கரைக்குப் போறது நீங்க, நீங்க சொன்னா சரிதான் லா."

படகுக்குப் பின்னால்

கணக்கெடுப்பு முடிந்து அறிக்கையும் மேலே போன பிறகு, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போனேன். படகுக்குப் பின்னால் சூசையண்ணன் மனைவி மேரியக்கா இரண்டு கூடைகளைச் சாக்குப் போட்டு அவசரமாக மூடினார். திறந்து பார்த்தேன். கூடை நிறைய விரல் நீளக் குட்டி மீன்கள். பெரிய மீன் அவர்களுக்கு அபூர்வமாகத்தான் விழுந்ததாம். எனக்காகப் பக்கத்துப் படகுகளிலும் கேட்டு வாங்கி அடுக்கினார்களாம்.

"நீங்க வர்ற அன்னிக்கு இந்தப் பொடியெல்லாம் காட்டினா எங்க மானம் என்னாவுறது சார்?"

தேக்காவில் ஒரு காலை

அப்போதே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பயந்து வாயை மூடிக்கொண்டேன். நான் அளந்த பெரிய மீன்களை வைத்து, கரையோரத்தில் மீன் நன்றாக வளர்ந்திருக்கிறது, படகுகளைத் தடுக்கத் தேவையில்லை என்று முடிவானது. இரண்டு வருஷம் கழித்து தேக்கா மார்க்கெட்டில் சூசையண்ணன் ஐஸ்கட்டி சுமந்துகொண்டிருந்தார். படகை விற்றுவிட்டாராம். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"ஐயோ, அப்ப எங்களாலதான் உங்க கணக்கு தப்பாப் போச்சா? ஆபீஸ்ல உங்கள ஒண்ணும் சொல்லலியே?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அளப்பதில் மிகவும் கவனமானவன் என்று எழுதி, கணக்கெடுப்பு முடிந்த வருஷமே என் வேலையை நிரந்தரமாக்கியிருந்தார்கள்.