காருக்கு முட்டுக்கொடுத்த வெட்டுகல்

மூன்றாம் வகுப்போடு நின்று, ஆரியசாலைச் சந்தையில் மூட்டை சுமந்து, அங்கேயே சொந்தக் கடை போட்டவன் நான். என் காருக்கும் நானேதான் மெக்கானிக். ஒரு மழைக்கால மதியம் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வீடு கட்டி மிஞ்சிய செம்புரைக் கல்லான வெட்டுகல்லின் மேல் காரை இறக்கி, அடியில் படுத்தேன். வீட்டையே தாங்கும் கல்லாயிற்றே. ஈர மண்ணின் குளிர்ச்சியில், ஆற்றில் மிதப்பதுபோலக் கண் சொக்கியது.

"உறங்கியாச்சா? சாயா ஆறுது, வாங்க," என்றாள் மனைவி.

வெளியே வந்து டம்ளரை வாங்கினேன். மழையில் ஊறியிருந்த கல் பொடிந்து, பெருமூச்சு விடுவதுபோலக் கார் தரையில் அமர்ந்தது.

"நம்ம வீட்டுக்கும் இதே கல்லுதானா?" என்றாள்.

இப்போது சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டுகளில் காரை நிறுத்தி, ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.