முதலிடத்துக்கு வந்த அழுகை

என் கையெழுத்து நண்டு ஓடின மணல்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறியவன் நான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஆனி மாதத்தில் என் அத்தான், அக்காவின் கணவர், கடலில் விழுந்தார். வள்ளம் திரும்பியது, அவர் திரும்பவில்லை. ஒன்பது நாள் தேடியும் உடல் கிடைக்காததால், அவர் கோயிலுக்கு உடுத்தும் வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோம். அந்தப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்துதான் அக்கா அழுதாள். எங்கள் ஊரில் அழுகை சும்மா அழுகை அல்ல, ராகமாகச் சொல்லி அழுவார்கள். 'வள்ளம் வந்து சேந்துட்டே, வலையும் வந்து சேந்துட்டே, வாறேன்னு சொன்ன ஆளு கடலோட நின்னுட்டாரே' என்று அவள் சொன்னபோது பெட்டி தூக்கக் குனிந்தவர்கள் தூக்காமல் நிமிர்ந்தார்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு விடுப்பு கிடைக்காது. துக்க வீட்டுக்கு வர முடியாதவர்களுக்கு அழுகையை போனில் எடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைக் கேட்டு அங்கே அறையில் இருந்து அழுவார்கள். என் தம்பி பஹ்ரைனில் இருந்தான். நான் கதவோரம் நின்று எடுத்து அனுப்பினேன். அவன் கூட இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினான். அவர்களில் யாரோ யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த வருடம் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு கூட்டாளி என் தோளில் தட்டினான்.

"மக்கா, ஒனக்க அக்கா பெரிய பாட்டுக்காரியாயிட்டா. யூடியூப்புல ஒண்ணாவது எடம். சினிமாப் பாட்டெல்லாம் பின்னால கெடக்கு. நீயும் ஒரு கூலிங் கிளாசு வாங்கிப் போடுலே."

அவன் போனைப் பார்த்தேன். சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் வள்ளங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தாள். குரல் அக்காவுடையது. 'கடலோட நின்னுட்டாரே' என்பதை வெட்டிவிட்டிருந்தார்கள். 'வாறேன்னு சொன்ன ஆளு' மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, காதலனுக்குக் காத்திருப்பவள் பாடுவதுபோல. வரிக்கு வரி அக்காவுக்கு வந்த விக்கலை அவர்கள் நீக்கவில்லை. அதன்மேல்தான் கொட்டு போட்டிருந்தார்கள். பாடியவர் பெயர் இருக்கும் இடத்தில் 'கடலோரக் கிராமியக் குரல்' என்று இருந்தது.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவளிடம் பெரிய போன் கிடையாது, தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அத்தான் போன பிறகு அவள் முதலில் போன கல்யாண வீட்டிலேயே அந்தப் பாட்டைப் போட்டார்கள். பிள்ளைகள் ஓடிவந்து ஆடினார்கள். பந்தியில் என் எதிரே இருந்த அக்கா, பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே இருந்தாள்.

"ஏட்டி, ஒனக்க சத்தம் மாதிரி இருக்கே," என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கேட்டாள்.

"ஏலே, அத அழிக்க ஒக்குமா?"

"ஒக்காது அக்கா. எல்லாருக்க கையிலயும் போயாச்சு."

"ஆருலே எடுத்தது?"

நான் செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்தேன். அவள் அதன் பிறகு கேட்கவே இல்லை.

போன மாதம் எங்கள் அம்மா இறந்தாள். மூத்த மகள்தான் முதலில் சொல்லி அழ வேண்டும், மற்றவர்கள் அதன்மேல்தான் தொடங்குவார்கள். அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அம்மாவின் கால்மாட்டில் இருந்தாள். கண் அம்மாவின் முகத்தில் இல்லை. கூடி நின்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் காத்திருந்து பார்த்துவிட்டு ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ராகம் இல்லாமல் எங்கள் தெருவில் இருந்து போன முதல் பெட்டி அதுவாகத்தான் இருக்கும். கதவோரம் நின்ற என்னையும் அவள் பார்த்தாள். என் கை வெறுமையாக இருந்தது. அதையும் பார்த்தாள்.

அக்கா எட்டாவது வரை படித்தவள். மற்றவர்கள் வாசிக்கும் முன் இந்தத் தாளை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். எடுத்தது நான்தான் அக்கா.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.