அப்பா மீது நான் கையெழுத்திட்ட மனு

அப்பா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் ஒரே மகளாகிய நான் எழுதிக்கொள்வது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். “தங்கமான மனுசரு. குதிரையப் போட்டு அடிச்சாருன்னு வந்த அந்த ஒரு பேச்சுதான்” என்றார் ஒருவர். “பேச்சா? அதிகாரியே வந்து பாத்து எழுதி வாங்கிட்டுப் போனாகளே” என்றார் மற்றவர். அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. அவர்கள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் அந்த அதிகாரியை வரவழைத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இத்தனை வருஷமாக இது இரண்டு மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா வெம்பக்கோட்டைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில், மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில் பிறந்தார்கள். மழை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் ஏமாற்றியதில் நிலம் கைவிட்டுப் போனது. பன்னிரண்டு வயதில் ஒரு நிலக்காரர் வீட்டில் குதிரை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே கற்ற தொழிலோடு சாத்தூருக்கு வந்து, ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினார்கள். எனக்கு எட்டு வயதாகும்போது அம்மா விஷக்காய்ச்சலில் தவறிவிட்டார்கள். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி வந்தவர்களை எல்லாம் அப்பா காப்பி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். என்னை விடுதியில் படிக்க வைத்து, மதுரையில் நர்ஸ் படிப்புக்கும் அனுப்பினார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் மதுரையிலிருந்து எழுதிய கடிதங்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் என் கையெழுத்தை மட்டும் வாங்கிப் பார்ப்பார்களாம்.

படிப்பு முடிந்து சாத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து வீடு திரும்பியபோது, அப்பாவிடம் செவலை இருந்தது. நல்ல சிவப்பில் ஒரு பெட்டைக் குதிரை. ரயிலடிக்கு வண்டி இழுப்பது அதன் வேலை. பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் ஓடுவதுதான் அதற்கும் அப்பாவுக்கும் சந்தோஷம். இரண்டு பொங்கலாக முதல் வண்டி அப்பாவுடையதுதான்.

எனக்குப் பந்தயத்தைக் கண்டாலே ஆகாது. குதிரைகள் வாயில் நுரை தள்ள ஓடுவதும், ஓட்டுகிறவர்கள் சாட்டையை வீசுவதும், ரோட்டின் இருபுறமும் ஜனங்கள் கூச்சல் போடுவதும் எனக்குக் கொலைக்களமாகத் தெரிந்தன. அதைவிட, ஒரு நாள் விடிகாலையில் நான் கண்டது என்னைக் குலைத்துவிட்டது. ஊருக்கு வெளியே பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் வெடியைக் கொளுத்திச் சோதித்துப் பார்க்கும் பொட்டல் உண்டு. அப்பா செவலையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அது உடம்பெல்லாம் நடுங்கியது. அப்பாவோ கழுத்தைத் தட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

“ஏம்பா இந்தப் பாவம்?” என்று சண்டைக்குப் போனேன்.

“மிரளுற குதிரை இந்தப் பக்கத்துக்கு ஆகாது தாயி” என்றார்கள். ஒரு கை கொள்ளு அள்ளி அதன் வாயருகே நீட்டினார்கள். நடுங்கிக்கொண்டே அது தின்றது. அவ்வளவுதான் விளக்கம். அப்பா எதையும் இரண்டு தடவை சொல்கிறவர்கள் இல்லை. நான் ஒரு தடவை சொன்னதைக் கேட்கிறவளும் இல்லை.

எங்கள் சபையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். பந்தயத்தை நிறுத்தக் கோரி அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினார். வண்டிக்காரர்கள் குதிரைகளை நித்தமும் அடிக்கிறார்கள், வெடி போட்டு மிரட்டிப் பழக்குகிறார்கள் என்று அதில் இருந்தது. நான் சொல்லக் கேட்டு, அப்பாவின் செவலையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார். “வண்டிக்காரர் மகளே கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்பு அதிகம்” என்றார். நித்தமும் அடிப்பதை நீ கண்டாயா என்று அவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சாட்டை வீசும் சத்தத்தைக் கேட்டிருந்தேன். அது முதுகில் விழுந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. பெயரை எழுதி, அதன் கீழே அப்பாவின் மகள் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

பந்தயத்தைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். வந்து சேர்ந்த குதிரைகளைக் கமிட்டிக்காரர்கள் ஒரு வெள்ளைத் துண்டால் கழுத்திலிருந்து வால் வரை துடைப்பார்கள். துண்டில் ரத்தம் ஒரு புள்ளி பட்டாலும் அந்த வண்டிக்குப் பரிசு கிடையாது. அடுத்த பொங்கலுக்குப் பேர் கொடுக்கவும் முடியாது. ரயிலடியிலோ ஒரு வண்டியில் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்து, “ஓட்டுய்யா, ரயில் போயிரும்” என்று நெருக்குவார்கள். மேட்டில் குதிரை முட்டி போட்டு விழும். அங்கே எந்தத் துண்டும் கிடையாது. அதைப் பிழைப்பு என்று சொல்லிவிட்டோம். வருஷத்தில் ஒரு நாள் தானாகக் கால் பறக்க ஓடுவதை வதை என்று எழுதினோம். பந்தயக் குதிரை எல்லாமே சுகமாக வாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. துண்டில் ரத்தம் பட்ட வண்டிகளும் உண்டு. அப்பாவின் வண்டி அதில் சேராது.

அந்த வருஷப் பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அச்சங்குளத்தைத் தாண்டி ஒரு பட்டாசு ஷெட்டில் தீப்பிடித்தது. காலை நேரம். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே கார் மதுரைக்குப் போயிருந்தது. டாக்டர் என்னிடம் மருந்தையும் துணியையும் கொடுத்து, கிடைக்கிற வண்டியில் போகச் சொன்னார். வாசலில் நின்றது அப்பாவின் வண்டி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் உள்ளே வெடித்துக்கொண்டிருந்தது. லோடு ஏற்ற வந்த மாடுகள் நுகத்தை முறித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டன. ஒரு வண்டியும் அருகில் வர முடியவில்லை. அப்பா செவலையை ஷெட்டுக்கு இருபது அடிவரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெடிச்சத்தத்துக்குக் காதை மட்டும் மடக்கிக்கொண்டு அது அப்படியே நின்றது. அப்பா அதைப் பொட்டலில் வெடிக்குப் பழக்கியது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைத் தூக்கி வந்து வண்டியில் போட்டார்கள். மார்பும் கைகளும் வெந்திருந்தன. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வண்டியில் எங்கள் மூவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

திரும்பும் வழியில் ஓடை மணலில் செவலை தளர்ந்துவிட்டது. போகும்போதே மூச்சு முட்ட ஓடிய குதிரை. என் விரலுக்கு அடியில் அந்தப் பெண்ணின் நாடி விட்டு விட்டு அடித்தது.

“அப்பா, அடிங்க!” என்றேன்.

“அடிச்சா ஓடாது தாயி. மணல் தாண்டட்டும், தானா ஓடும்.”

“அதுக்குள்ள செத்துருவாப்பா! அடிங்கப்பா! அடிங்க!”

நான் கத்திய கத்தலில் அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு சாட்டையைத் திருப்பிப் பிடித்து, கட்டையாலேயே அடித்தார்கள். எத்தனை அடி என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நான் இன்னும் இன்னும் என்று கத்தினேன். செவலை ஒரு சத்தம் போட்டது. குதிரை அப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆஸ்பத்திரி வாசல் வரை அது நிற்கவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அப்பா லாயத்தில் உட்கார்ந்து செவலையின் முதுகுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டே அழுதார்கள். மறுநாள் கமிட்டியிடம் போய், இந்த வருஷம் செவலை ஓடாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஆனால் மனு போட்டிருந்தோமே. பொங்கலன்று அதிகாரி வந்துவிட்டார். மனுவில் பெயர் சொல்லப்பட்ட குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு ஆள் போனது. அப்பா செவலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். ரோடு முழுக்க ஜனம். மற்ற வண்டிகள் வரிசையில் நின்றன. கமிட்டித் தலைவர் வெள்ளைத் துண்டை எடுத்துச் செவலையின் முதுகில் மெல்ல ஒற்றினார். காய்ந்து வந்த புண் ஒன்று கசிந்து, துண்டில் சிவப்பு பட்டது.

“யாருய்யா அடிச்சது?” என்றார் அதிகாரி.

“நாந்தான் சார்.”

“சார், அன்னைக்கு ஷெட்டுல தீப்பிடிச்சப்ப ஒரு பிள்ளைய ஏத்திக்கிட்டு வந்தாரு சார். அந்த அவசரத்துல அடிச்சிருப்பாரு” என்றார் தலைவர்.

“இருக்கலாம். ஆனா இந்த மனு அதுக்கு முன்னாடி எழுதினது. நித்தமும் அடிக்கிறதா இருக்கு. எதை நம்புறது? அன்னைக்கு வண்டியில வேற யார் இருந்தா? அவங்க வந்து சொல்லட்டும். இல்லேன்னா உங்க லைசென்ஸையே எடுக்க வேண்டியிருக்கும். பந்தயமும் நடக்காது.” மனுவை அப்பாவின் முன்னால் நீட்டினார். “படிக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க சார்” என்றார்கள் அப்பா. ஆனால் அவர்கள் கண் தாளின் அடியில் போய் நின்றது. நான் நாலடி தூரத்தில் நின்றேன். பொய் மனு போட்ட நர்ஸ் என்று தெரிந்தால் என் வேலை போகும், சபையில் தலை நிமிர முடியாது. அந்தப் பயம்தான் அப்போது எனக்கு. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்க்கவில்லை.

“வண்டியில வேற யாருமில்ல சார். நானும் அந்தப் பிள்ளையுந்தான். அதுக்கும் நெனவில்ல” என்றார்கள். “மனு எழுதுனவுகள ஒண்ணும் சொல்லாதீக. வாயில்லாச் சீவனுக்காகத்தான எழுதியிருக்காக.” பிறகு என் பக்கம் திரும்பி, யாரோ ஒருத்தியிடம் பேசுவது போல, “நர்ஸம்மா, ஒங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகுதுல்ல, கெளம்புங்க” என்றார்கள்.

நான் கிளம்பினேன். அதுதான் நான் செய்தது.

தலைவர் கெஞ்சிக் கேட்டதில் லைசென்ஸ் தப்பியது, பந்தயமும் நடந்தது. இனி எந்தப் பந்தயத்திலும் வண்டி ஓட்ட மாட்டேன் என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு மற்ற வண்டிகள் ஓடியதை அப்பா ரோட்டோரம் நின்று பார்த்தார்களாம். சாகும்வரை அந்த வார்த்தையை மீறவில்லை. செவலை வயதாகி லாயத்திலேயே கண்மூடும்வரை, ரயிலடிக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடியது.

ஒரே ஒரு தடவை நான் பேச்சை எடுத்தேன். “ஒங்கையெழுத்து எனக்குத் தெரியாதா தாயி?” என்றார்கள். “செவலைக்காகப் பேசவும் ஒரு ஆளு இருந்துச்சேன்னு நெனச்சுக்கிட்டேன். போ, போயி சோத்தப் போடு.” அதற்குமேல் என்னை அழவிடவில்லை.

கடைசி எட்டு மாதம் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது தினமும் வந்து தூக்கி உட்கார வைத்த ரயிலடி வண்டிக்காரர்களுக்கும், மருந்துக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்ட எங்கள் டாக்டருக்கும், வீட்டில் வந்து ஜெபித்த சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், அடக்கத்துக்கு வெளியூர்களிலிருந்து வந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவைப் பற்றி இனி யாராவது குதிரையை அடித்தவர் என்று சொன்னால், தயவுசெய்து இந்த மலரை எடுத்துக் காட்டுங்கள். அந்த அதிகாரி இன்னும் எங்காவது பணியில் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள். அன்று அவர் கேட்ட கேள்விக்கு அப்பா பொய் சொன்னார்கள். அந்த வண்டியில் நான் இருந்தேன்.