கென்ட் போகும் ஜப்பான் வண்டி

ரயில் நேரத்துக்கு வந்தால் அதை ஒருவர் ஓட்டி வந்தார் என்று யாருக்கும் தோன்றாது. பிந்தினால்தான் எங்களைத் தேடுவார்கள். பிளாட்ஃபாரத்தில் விறைத்துப்போய் நிற்கும் உங்களுக்கும், வண்டியின் முன்னறையில் தனியே இருக்கும் எனக்கும் பிந்தும் துன்பம் பொது என்பதால் சொல்கிறேன். ஜப்பானில் கட்டி, கப்பலில் கொண்டுவந்த வேக மின்ரயில்கள் லண்டனிலிருந்து கென்ட் பக்கம் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து நான் அவற்றின் ட்ரைவர்.

கன்ரீனில் ஒரு பிரியாவிடை

சோதனை ஓட்டங்களின்போது மோரி என்ற ஜப்பான் இன்ஜினியர் எனக்குப் பின்னால் நின்று வருவார். நான் பிரேக் பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். அவர் முதன்முதலில் வேலை செய்தது டோக்கியோவில் அலுவலகச் சனத்தை அள்ளி அடைத்துக்கொண்டு ஓடிய ஒரு சாதாரண மின்ரயில் வகையில். "இந்த வண்டிக்கு அது அண்ணை முறை" என்பார்.

ஒருநாள் கன்ரீனில் தேத்தண்ணி ஆறிப்போகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கியோவில் அந்த வகையின் கடைசி வண்டி கடைசித் தடவையாக ஓடுகிறதாம். பிளாட்ஃபாரம் நிறையச் சனம். கை காட்டுகிறார்கள், சிலர் அழுகிறார்கள். "நீங்கள் போயிருக்கலாமே" என்றேன். லீவு கேட்டாராம், இங்கே சோதனை முடியாமல் கிடைக்கவில்லையாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் சொன்னது: "ஓடின காலத்திலை நெரிசல் எண்டு எல்லாரும் திட்டினவை. போகேக்கை மட்டும் இவ்வளவு சனம்."

டெரெக்கின் பயணிகள்

டெரெக் என்னைவிட மூத்த ட்ரைவர், வெள்ளைக்காரர். பழைய வண்டிகளில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யன்னலால் தலையை நீட்டிச் சனத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார். ஊன்றுகோலோடு ஓடி வருபவர் இருந்தால் நிற்பார். புது வண்டியில் ட்ரைவர் பார்ப்பது கமெராத் திரையை. பயிற்சியில் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் செய்தவர், சில மாதத்திலேயே பென்ஷன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "அருமையான வண்டி, ராஜ். ஆனால் என்ர சனத்தை முந்தி முகத்தாலை தெரியும்; இப்ப உச்சந்தலையாலைதான் தெரியுது."

சரோஜா அக்கா

ஒரு மாலை லண்டனில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க, ஒரு அம்மா என் கதவடியில் நின்றார். "தம்பி, நீர் யாழ்ப்பாணமோ? வண்டி பிந்தினதுக்கு நீர் மைக்கிலை சொன்ன 'சொறி'யிலையே விளங்கீட்டுது." அவர் சரோஜா அக்கா, தென் லண்டனில் ஸ்ட்ரெதமில் வீடு. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காத கணவருக்குக் கென்ட் கடற்கரைப் பக்கம்தான் பராமரிப்பு இல்லம் கிடைத்தது. காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முடிந்ததும் சாப்பாட்டுப் பெட்டியோடு ரயில். பழைய வண்டி என்றால் போய்ச்சேரவே பொழுதுபட்டுவிடும். இந்த வண்டியில் போனால் கணவருக்குச் சோறு ஊட்டிவிட்டு இருட்ட முன்னம் திரும்பலாம். அதன்பிறகு என் ஷிப்ட் பொருந்தும் நாட்களில் எனக்கும் ஒரு வடை கிடைத்தது.

ஒரு காற்று நாளில் மரம் முறிந்து தண்டவாளத்தில் விழுந்தது. வெட்டவெளியில் நடுவழியில் நின்றோம். எத்தனையோ தடவை மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சில கிழமை கழித்துச் சரோஜா அக்கா அதே கதவடிக்கு வந்தார், கையில் பெட்டி இல்லாமல். கணவருக்கு வருத்தம் கடுமை என்று இல்லத்திலிருந்து போன் வந்து, மரம் விழுந்த அன்று அவசரமாக ஏறியிருக்கிறார். போய்ச்சேர முன்னம் முடிந்துவிட்டது. "அக்கா, அது என்ர ரயில்..." என்று தொடங்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓம், உம்மடை குரல் கேட்டது. நீர் என்ன செய்யிறது தம்பி, நீரும் எங்களோடைதானே நிண்டனீர்."

புதுசு

போன மாதம் ஜனனி என்று ஒரு பிள்ளை ட்ரைவர் பயிற்சிக்கு வந்தாள். லண்டன் பக்கம் சட்டனில் பிறந்து வளர்ந்தவள், கெட்டிக்காரி. இன்ஜினியர்கள் ஒரு காலத்தில் பிள்ளையைப் போலத் தடவிப் பார்த்த வண்டியின் அந்த நீண்ட மூக்கை அவள் ஒருக்கா சுற்றிப் பார்த்தாள். பெயின்ட் உரிந்த இடத்தை விரலால் சுரண்டினாள். "அங்கிள், இந்தப் பழசுகளை எப்ப மாத்துவினம்?"

வண்டிக்கு வயது போனால் புது சீட் போடுகிறார்கள். ஓட்டியவனுக்கு வயது போனால் கண்ணை மட்டும் சோதித்துப் பார்க்கிறார்கள்.