மரகதம் அக்காவைப் பற்றி நான் எழுதிய அட்டை

போன மாதம் என் மகளோடு ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் கைவினைப் பொருள் விற்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. மகள் ஒரு சோப்புக்கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதைச் சுற்றிக் கட்டிய சணல் நூலில் ஒரு அட்டை தொங்கியது. இதைச் செய்தவர் கணவரால் கைவிடப்பட்டு இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். "பாவம்மா, ரெண்டு எடுத்துக்கலாம்" என்றாள் மகள். எடுத்துக்கொண்டோம். காரில் வரும்போது அவள் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள். புது அட்டைக்கு ஒரு வாசனை உண்டே, பசையும் அச்சு மையும் கலந்தது, அது என் மூக்கை விட்டுப் போகவே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்த வாசனைக்குள்தான் நான் வேலை பார்த்தேன். ஈப்போ பழைய பட்டணத்தில் ஒரு சீனர் துணிக்கடையின் மேல்மாடி அது. கீழே புதுத் துணியின் கஞ்சி வாசனை, மேலே இலவம் பஞ்சு. பஞ்சு பறந்து பறந்து என் தலை எப்போதும் நரைத்தது போலவே இருக்கும். பத்தொன்பது வயதில் எனக்குப் பேருந்தில் இடம் கொடுத்தவர்கள் உண்டு என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ரப்பர் தோட்டத்துப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்து நாலு காசு பார்க்க வேண்டும், நடுவில் தரகன் தின்னக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய மையம் அது. நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணத் தமிழர். எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. வெளிநாட்டில் சில தேவாலயக்காரர்கள் சேர்ந்து நடத்திய கடைகளோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. அவர்கள் நியாய விலை கொடுத்து வாங்குவார்கள். தையல் மெஷின் வாங்க மையமே சின்னக் கடனும் கொடுக்கும். பால்மரம் வெட்டும் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் எந்த வங்கி கடன் கொடுக்கும்? வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்றே எங்களுக்குத் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் அப்பாவும் தோட்டத்து லோரி டிரைவர்தான். பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி வாங்கிவிட்டேன் என்ற ஒரே தகுதியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. தட்டச்சு செய்வது, பொட்டலம் கட்டுவது, தோட்டம் தோட்டமாகப் போய்ச் செய்து வைத்ததை வாங்கி வருவது, எல்லாம் நான்தான். டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறி நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வாரம் ஒருமுறை போவேன். பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு கட்டை, அதாவது ரெண்டு மைல் தூரம், செம்மண் சாலையில் நடக்க வேண்டும். மரங்களுக்கு நடுவில் நடக்கும்போது பாலின் புளித்த வாடை தொண்டை வரைக்கும் வரும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு மரகதம் அக்காவுடையது. அந்த லயத்தில் ஏழு பெண்கள் எங்களுக்குப் பொம்மை தைத்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது அக்காதான். சாண் உயரத் துணிப்பொம்மை. தலையில் முண்டாசு, நீளக்கைச் சட்டை, தையல்கடைத் துண்டுத் துணியில் கைலி, கையில் ஒரு குட்டி வாளி. பால்மரம் வெட்டப் போகிற பெண். அதாவது அவர்களே.

அந்த வாளியைச் செய்தவர் அக்காவின் வீட்டுக்காரர் பெருமாள் அண்ணன். பால் டின்னை வெட்டித் தட்டி, விரல் நுனி அளவு வாளி செய்வார். பஞ்சு அடைப்பதும் அவர் வேலை. அதிகம் பேச மாட்டார், குடிக்க மாட்டார். பஞ்சை அடைத்துவிட்டு, பொம்மையை நிற்க வைத்துப் பார்த்து, "இடுப்பு சரியில்ல, குந்திக்கிட்டு இருக்கா" என்று மறுபடி பிரிப்பார். அக்கா மெஷினை மிதித்தபடியே சிரிப்பார். நான் போனால் பால் விடாத கோப்பி ஓ ஒரு குவளை வரும். என் வீட்டில்கூட அப்படிக் கணவனும் மனைவியும் ஒரே வேலையில் கைவைத்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. பொம்மையைச் செய்தவரைப் பற்றி நாலு வரி எழுதி அட்டையாகக் கட்டி அனுப்பினால் வாங்குபவர்கள் விரும்புவார்கள் என்று. டீச்சரம்மா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். மரகதம் அக்காவின் பெயரில் நான் எழுதினேன்: கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் வாழ்கிறார், கணவர் பஞ்சு அடைக்க உதவுகிறார், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"பிள்ளை, இவவுக்கு எல்லாம் நல்லாத்தானே இருக்கு. பிறகேன் சனம் காசு குடுத்து வாங்க வேணும்?"

அவர் அவ்வளவுதான் சொன்னார். பொய் எழுது என்று சொல்லவில்லை. அதை நான் நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் வேறு மாதிரி எழுதிக்கொண்டு போனேன். மரகதம் ஒரு விதவை. கணவனை இழந்தபின் விடியலில் மரம் வெட்டி, பகலில் பொம்மை தைத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். ஒவ்வொரு பொம்மையிலும் அவள் கண்ணீர் இருக்கிறது. கடைசி வரியை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதிய ஆங்கிலம் அல்லவா, அதன் மேல் அவ்வளவு பெருமை. டீச்சரம்மா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "மெய்யே பிள்ளை? நீர் முதல்ல புருஷன் எண்டு எழுதினீரே" என்று கேட்டார். அது வேறு மரகதம், குழப்பிவிட்டேன் என்றேன். அவர் நம்பினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், ஒரு பிள்ளை இவ்வளவு நேராக நின்று பொய் சொல்லும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது.

அட்டை அச்சாகிப் போனது. இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. வாங்கியவர்கள் அழுதார்களாம், இரண்டு பங்கு பொம்மை வேண்டுமாம். ஏழு பெண்களுக்கும் கை நிறைய வேலை. அக்கா மெஷின் கடனை வேகமாகக் கட்டினார். எனக்கு டீச்சரம்மா ஒரு மை பேனா வாங்கிக் கொடுத்தார். நல்லது செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு இன்னொரு கடிதம். அந்தக் கடைகளின் சார்பில் ஒரு பெண்மணி மலேசியா வருகிறார், மரகதத்தை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார், வரும் சனிக்கிழமை. டீச்சரம்மா முழங்கால் வலியோடு தானும் வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை ஓடினேன். செம்மண் சாலையில் அன்றைக்குத்தான் இரண்டு கட்டை எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அண்ணன் டின் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா மெஷினில். நான் சொல்லி முடிக்கும் வரை இருவரும் கை நிறுத்தவில்லை. பிறகு மெஷின் நின்றது. அட்டையில் என்ன இருக்கிறது, தமிழில் படி என்றார் அக்கா. படித்தேன். ஒரு சொல்லை விழுங்கிவிட்டுப் படித்தேன்.

"முழுசாப் படி" என்றார்.

படித்தேன். பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ சோப்பு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அது சுலபம். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, டீச்சரம்மாதான் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார், எல்லாருடைய வேலையும் போய்விடும் என்று நான் உளறினேன். பொட்டு என்ற வார்த்தை என் வாயில் வந்து பாதியில் நின்றது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன்தான் பேசினார். "ஒரு மத்தியானம்தானே. நான் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கோப்பெங் போயிட்டு வாரேன். ரொம்ப நாளா படம் படம்னு கேட்டுக்கிட்டு இருக்குங்க."

அக்கா அவரைப் பார்த்தார். "நீங்க உசுரோட இருக்கறப்ப நான் எப்படிங்க அதை அழிக்கிறது?"

"இன்னும் ஆறு வீடு இருக்கு மரகதம்" என்றார் அவர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. எத்தனையோ வருடம் பொட்டு இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்து, வட்டமாகத் தெரிந்தது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தார். வந்த பெண்மணி நல்லவர். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். "உமக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிப்பாவாம்" என்று டீச்சரம்மா மொழிபெயர்த்தார். அக்கா தலை நிமிரவே இல்லை. அதைத் துக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். துக்கம்தான் அது.

திரும்பும்போது கார் செம்மண் சாலையில் மெதுவாக வந்தது. எதிரே பெருமாள் அண்ணன் கடைசிப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மற்ற இரண்டும் இனிப்புப் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடிவந்தன. காருக்கு வழிவிட்டு அவர் சாக்கடை ஓரம் ஒதுங்கி நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"பாரும் பிள்ளை, என்ன வடிவான குடும்பம்" என்றார் டீச்சரம்மா.

அடுத்த வாரம் போனேன். அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. பொம்மைகளை எண்ணிக் கொடுத்தார். கோப்பி வரவில்லை. அண்ணன் என்னோடு சாலை வரை நடந்து வந்தார். கட்டு கனமாக இருக்கிறது என்று அதை அவரே தூக்கிக்கொண்டார். பஸ் நிற்கும் இடத்தில் சொன்னார்: "அடுத்த தடவை அச்சடிக்கிறப்ப அதை மாத்திடும்மா. நான் இருக்கேன்னு எழுதணும்னு இல்ல. ஒண்ணும் எழுதாம விட்டாப் போதும். அவளுக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

மாற்றிவிடுகிறேன் அண்ணே என்றேன். சத்தியமாக மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் டீச்சரம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அலமாரியில் அச்சிட்ட அட்டை இரண்டு பெட்டி மிச்சம் இருந்தது. அது தீரட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். தீபாவளி போனது. தைப்பூசம் போனது. ஒவ்வொரு வாரமும் அந்த அட்டைகளை நானே பொம்மைகளின் கழுத்தில் கட்டினேன். அண்ணன் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை செய்திருப்பேன்.

அந்த வருட மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஈப்போ பெரிய மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். அவர் அங்கே இருந்ததே எனக்கு, எல்லாம் முடிந்தபின் தோட்டத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். கூட்டம் கலைந்த பிறகு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது? அக்கா, நான் இன்னும் அதை மாற்றவில்லை என்று சொல்வதா? சுவரில் அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். முகம் கலங்கலாக இருந்தது. அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. ரொம்பக் களைத்துப்போன குரல்.

"அந்த அட்டைய இனிமே மாத்த வேணாம்லா. இப்ப சரியாத்தான் இருக்கு."

கடைசி பஸ்ஸைச் சாக்கு சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அக்கா அதன் பிறகும் ஒரு வருடம் போலத் தைத்தார். வாளி மட்டும் இல்லை. அதை யாருக்கும் செய்யத் தெரியவில்லை. வாளி இல்லாத பொம்மையை வெளிநாட்டில் யாரும் குறை சொல்லவில்லை. மெஷின் கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்தார். எண்பதுகளின் நடுவில் தோட்டம் கைமாறியது. ஆட்கள் தெலுக் இந்தான், ஆயர் தாவார் என்று செம்பனைத் தோட்டங்களுக்குச் சிதறினார்கள். டீச்சரம்மா மகனோடு வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே காலமானார். போகும் நாள்வரை அவரிடம் நான் சொல்லவில்லை. மையத்தை மூடினார்கள். நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, யாருடைய வாழ்க்கையைப் பற்றியும் ஒரு வரி எழுதத் தேவையில்லாத வேலையில் இருந்து ஓய்வுபெற்றேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஆயர் தாவாரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் பேச்சுவாக்கில் அப்பா பெயர் பெருமாள், கோப்பெங் பக்கத்துத் தோட்டம் என்றாள். அவர்களுடைய மூத்த மகள். வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அம்மா இறந்து மூன்று வருடமாகிவிட்டது என்றாள். தேநீர் கொடுத்தாள்.

"அம்மா உங்கள மறக்கவே இல்ல அக்கா. அந்த மெஷின் இல்லன்னா நாங்க மூணு பேரும் படிச்சிருக்க முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அந்தத் தோட்டத்துல எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான். அப்பா எங்கள படம் பாக்கக் கூட்டிட்டுப் போனது. ஒரே ஒரு தடவைதான் போனோம். எதுக்குன்னு தெரியல, அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு."

அவளிடம் சொல்லியிருக்கலாம். தேநீர் ஆறிப்போகும் வரை வாயைத் திறக்கத்தான் பார்த்தேன். அவள் அம்மா கடைசிவரை சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த அந்த ஒரு மத்தியானத்தை அவள் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அல்லது எப்போதும் போலப் பயம்தானோ என்னவோ.

அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. லயம் எந்தப் பக்கம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது, செம்மண் சாலையும் இல்லை. நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.